மரக்கடை வளைவில் உன் அப்பா

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்பு நலம். மற்றதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீ வேளைக்குச் சாப்பிட்டு, ஆஸ்பத்திரி வார்டில் நின்றுகொண்டே இருக்கிற காலுக்குக் கொஞ்சம் ஓய்வும் கொடுத்து, நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

கையில் போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் அப்பா பேச்சை எடுத்தால் உனக்கு வார்டில் மணி அடித்துவிடுகிறது, டாக்டர் கூப்பிட்டுவிடுகிறார். வெயிலைப் பற்றியோ வெங்காய விலையைப் பற்றியோ பேசினால் ஒரு டாக்டரும் கூப்பிடுவதில்லை. கடிதத்தை அப்படி நடுவில் வைத்துவிட்டுப் போக முடியாது. போனாலும் திரும்பி வரும்போது அது அங்கேயேதான் கிடக்கும்.

முதலில் வீட்டுச் செய்தி. தையல் மிஷினுக்குப் புது பெல்ட் மாற்றியாகிவிட்டது. ஹெல்மெட்டுக்குள் போடுகிற பருத்தித் தொப்பிக்கு நல்ல ஓட்டம். வரப்போகிற சட்டத்தில் ஓட்டுகிறவர் மட்டுமல்ல, பின்னால் உட்காருகிறவரும் ஹெல்மெட் போட்டாக வேண்டுமாம். முன்பின் தெரியாதவன் வேர்வையில் ஊறின ஹெல்மெட்டை எந்தப் பெண் தலையில் கவிழ்ப்பாள்? அதனால் பைக் டாக்ஸி ஸ்டாண்டில் சவாரி ஏறுகிற பெண்கள் என்னிடம் ஆளுக்கொரு தொப்பி தைத்துக் கைப்பையில் வைத்துக்கொள்கிறார்கள். உன் அப்பாவோ அந்தச் சட்டமே கூடாது என்று கொடி பிடிக்கிற பைக் டாக்ஸிக்காரர் சங்கத்துக்குச் செயலாளர். ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே அடுப்பில் சமைக்கிற வீடு இது ஒன்றுதான் என்று முன்பெல்லாம் நானே சொல்லிச் சிரிப்பேன். இப்போது சொல்வதில்லை.

உன் தம்பி தெருவில் இரண்டு இடத்தில் நிற்கிறான். ஸ்டாண்டுக்கு எதிரே சங்கம் கட்டிய பேனரில் சிரித்துக்கொண்டு நிற்கிறான். சாலைக் குழிக்குப் பலியான எங்கள் சகோதரன், குழியை மூடாமல் தலையை மூடச் சொல்லாதே என்று கீழே எழுதியிருக்கிறது. பாலத்தடியில் போலீஸ் வைத்த பேனரில் லைசென்ஸுக்கு எடுத்த படம், முறைத்துக்கொண்டு நிற்கிறான். ஹெல்மெட் இருந்திருந்தால் இவர் இருந்திருப்பார் என்று அதில் எழுதியிருக்கிறது. இரண்டு கூட்டமும் வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டுவிட்டுத்தான் வைத்தார்கள். இரண்டு பேருக்கும் சரி என்றேன். இரண்டு பேர் சொன்னதும் சரியாகத்தானே இருக்கிறது, யாரை வேண்டாம் என்று சொல்ல? உயிரோடு இருந்தபோது ஒரு வேலைக்கும் நேரத்துக்கு எழுந்திருக்காத பிள்ளை, இப்போது வெயிலிலும் மழையிலும் இரண்டு கட்சிக்கும் வேலை பார்க்கிறான். கடைக்குப் போகிற வழியில் சிரிக்கிறவனைத் தாண்டிப் போகிறேன், திரும்புகிற வழியில் முறைக்கிறவனைத் தாண்டி வருகிறேன். காற்றடிக்கிற நாளில் பேனர் உப்பி அடங்கும்போது அவன் மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது. அதனால் காற்றடித்தால் நான் கடைக்குப் போவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பாவைப் பற்றி.

ஸ்டாண்டுக்காரர்கள் பாஷை உனக்குத் தெரியும். நீயும் சின்னவனும் அதை வைத்து விளையாடியவர்கள்தானே. எதிரே வருகிற வண்டிக்காரன் உச்சந்தலையில் இரண்டு தட்டுத் தட்டினால், பாலத்தடியில் போலீஸ் நிற்கிறது, ஹெல்மெட்டை மாட்டு என்று பொருள். உள்ளங்கையை விரித்து ஆட்டினால் ஒருவரும் இல்லை, காற்று வாங்கிக்கொண்டு போ என்று பொருள். அபராதத்திலிருந்து தப்பிக்க இந்தப் பாஷையைக் கொண்டு வந்ததே எங்கள் செயலாளர்தான் என்று ஸ்டாண்டில் பெருமை பேசுவார்கள். நானும் பெருமைப்பட்டவள்தான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

இப்போது சாயங்காலமானால் உன் அப்பா சவாரிக்குப் போவதில்லை. நடந்தே மரக்கடை வளைவுக்குப் போய்விடுகிறார். உன் தம்பி விழுந்த அந்தக் குழி இப்போது இல்லை. பதினைந்து வருடமாக இவர்கள் மனுக் கொடுத்தும் மூடாத குழியை அவன் போன மறுவாரம் வந்து மூடிவிட்டார்கள். பழைய ரோட்டில் அந்த இடம் மட்டும் கறுப்பாகப் பளபளவென்று தெரிகிறது. அதன் பக்கத்தில் நின்றுகொண்டு, வருகிற வண்டிக்கெல்லாம் உன் அப்பா தலையைத் தட்டுகிறார். இரண்டு தட்டு. அடுத்த வண்டிக்கு இரண்டு தட்டு. போலீஸ் இருக்கிறதா இல்லையா என்ற கணக்கே கிடையாது.

சங்கப் பொருளாளர், நம் மீசை, வீட்டுக்கே வந்துவிட்டார். நீங்கதான் சொல்லணும் அண்ணி, அண்ணன் தட்டறார், நாங்களும் மாட்டிக்கிட்டுப் போறோம், பாலத்தடிக்குப் போய்ப் பார்த்தா ஒரு ஈ காக்கா இல்ல, இப்படியே போனா நெசமா போலீஸ் நிக்கறன்னைக்கு எவன் மாட்டுவான் என்று கேட்டார். கேட்டுவிட்டு உடனே தலையைக் குனிந்துகொண்டார். அவரும் உன் தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர்தானே.

நான் உன் அப்பாவிடம் கேட்டேன். தட்டை இழுத்து வைத்துக்கொண்டார். சாப்பிடும்போதுகூட ஒரு கை எழுந்து தலைக்குப் போகிறது, பாதியில் நினைவு வந்து இறங்கிவிடுகிறது. எனக்கு அதுகூடப் பயமில்லை. முதலில் ரோட்டோரம் நின்றவர் இப்போது வெள்ளைக் கோட்டைத் தாண்டி உள்ளே நிற்கிறார். ஓரத்தில் நின்றால் சில பேர் கவனிக்காமல் போய்விடுகிறார்களாம். முந்தாநாள் பலகை ஏற்றி வந்த லாரி அவர் சட்டையை உரசிக்கொண்டு திரும்பியதை மரக்கடைக்காரர் பார்த்துவிட்டு வந்து சொன்னார். கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. ஒரே ரோட்டுக்கு நம் வீட்டிலிருந்து இரண்டு பேரைக் கொடுக்க என்னால் முடியாது.

அவர் இப்படி ஆனதற்கு நீ சொன்ன வார்த்தையும் ஒரு காரணம். கோபப்படாமல் படி. காரியத்தன்றைக்கு அத்தனை பேர் உட்கார்ந்திருக்கும்போது, நீங்களும் உங்க சங்கமும் சேர்ந்துதாம்ப்பா அவனைக் கொன்னீங்க என்று சொன்னாய். சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்பியவள் இன்றுவரை அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மண்டை உடைந்து வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறவள் நீ, உன் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனால் நீ சொன்னது நியாயமில்லை. அவன் கடைசியாகக் கொண்டுபோய் விட்ட சவாரி, நம் பேங்க் அம்மா, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். ஹெல்மெட்டு போட்டுத்தாம்மா ஓட்டினான், நான் இறங்கினப்பறமும் கழட்டல, முன் கண்ணாடியை மட்டும் தூக்கிட்டு, பார்த்துப் போங்கன்னு எனக்குச் சொல்லிட்டுப் போனான் என்றார்கள். சங்கம் சொன்னதற்காகப் போடாமல் போனவன் இல்லை உன் தம்பி. போட்டிருந்தான். நடுவில் ஏன் கழற்றி முழங்கையில் மாட்டினான் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. வேர்த்திருக்கும். அரித்திருக்கும். அதற்கு உன் அப்பா என்ன செய்வார்?

அந்த ஹெல்மெட்டைப் போலீஸ் கொடுத்துவிட்டார்கள். ஒரு கீறல் இல்லை. உள்ளே அவன் தலை எண்ணெய் வாசனை அப்படியே இருக்கிறது. வேற்று ஆட்களுக்கெல்லாம் உள்துணி தைக்கிற நான் அந்தத் துணியைத் துவைக்காமல் வைத்திருக்கிறேன்.

நாளை நகர மண்டபத்தில் சட்டத்தைப் பற்றிப் பொதுமக்கள் கருத்துக் கேட்கிற கூட்டம். உன் அப்பாதான் சங்கத்துக்காகப் பேசுகிறார். மேடை ஏறிப் பேசினால் பழைய ஆளாகிவிடுவார் என்று எல்லாரும் நம்புகிறார்கள், நானும்தான். கூட்டம் முடிந்ததும் நாலு வரி சேர்த்து எழுதி அனுப்புகிறேன். அதற்குப் பிறகாவது அவரோடு பேசு. தப்புச் செய்யாத மனுஷனைத் தண்டிக்காதே.

*

கூட்டம் முடிந்து மூன்று நாளாகிறது. பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

மண்டபம் நிறைந்த கூட்டம். வலது பக்கம் அதிகாரிகள், போலீஸ், ஹெல்மெட் விற்கிற கடைக்காரர்கள். இடது பக்கம் நம் ஆட்கள், ஆளுக்கொரு ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு. உன் அப்பா பேசி முடித்ததும் எல்லாரும் அதை மேடைக்கு முன்னால் குவித்துவிட்டு வெளிநடப்புச் செய்வதாக ஏற்பாடு. நான் பெண்களோடு பின் வரிசையில் இருந்தேன்.

முதலில் ஒரு மூளை டாக்டர் பேசினார். சண்டைக்காரர் மாதிரி பேசுவார் என்று நினைத்தேன், இல்லை. எனக்கு ஆபரேஷன் கஷ்டமில்ல, வராண்டாவுல நிக்கறவங்ககிட்ட வந்து சொல்றதுதான் கஷ்டம், அதை நான் இன்னும் கத்துக்கல என்றார். இவ்வளவுதான் சொன்னார், உட்கார்ந்துவிட்டார். என் பக்கத்திலிருந்த பெண் என் முழங்காலில் கையை வைத்தாள். பிறகு மீசை எழுந்து, நாங்க செத்தா உங்களுக்கு என்ன சார், தலை எங்களோடது, ரோடு உங்களோடது, முதல்ல உங்களோடதைச் சரி பண்ணுங்க என்றார். அதற்கும் கைதட்டல். கடைத்தெருவில் விற்கிற ஹெல்மெட்டுகளில் பாதி அட்டை மாதிரிதான் இருக்கின்றன, கீழே விழுந்தால் தலைக்கு முன்னால் அதுதான் உடையும், அதைப் போட்டால் மட்டும் போலீஸ் சல்யூட் அடிக்கும் என்றார் இன்னொருவர். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அப்புறம் உன் அப்பாவைக் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டை, நான் தேய்த்துக் கொடுத்தது. மைக்கைப் பிடித்தார். குழியை மூடுங்கன்னு சொன்னோம் என்றார். நம் ஆட்கள் தட்டினார்கள். மூடிட்டாங்க என்றார். யாருக்கும் தட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. மைக் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. நம் ஆட்களை வரிசை வரிசையாகப் பார்த்தார். கை மெல்ல எழுந்தது. உச்சந்தலையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

முன் வரிசையில் மீசை மடியிலிருந்த ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டார். ஏன் மாட்டினீர்கள் என்று பிறகு கேட்டேன். தெரியல அண்ணி, கை தானாப் போச்சு, அண்ணன் தட்டி எத்தனை வருஷம் மாட்டியிருக்கேன் என்றார். அவரைப் பார்த்து அடுத்தவர். அவரைப் பார்த்து அடுத்த வரிசை. வார் மாட்டுகிற சத்தம் மண்டபம் முழுக்கச் சடசடவென்று கேட்டது. கடைசியில் இடது பக்கம் ஒரு முகமும் இல்லை. கறுப்புக் கண்ணாடி போட்ட தலைகள் மட்டும் அசையாமல் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பெரியவளே, பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கமான ஆட்கள்தான் அத்தனை பேரும். ஆனால் முகம் தெரியாதபோது எந்தத் தலைக்குள்ளும் சின்னவன் இருக்கலாம். தோளைக் கொஞ்சம் சாய்த்து உட்கார்ந்திருந்த ஒருவன், அப்படியே அவன்தான். எண்ணினால் வந்தவர்களைவிட ஒரு தலை கூடுதலாக இருக்கும் என்று நினைத்தேன். எண்ணவில்லை. எண்ணாமல் இருப்பதற்காகவே கண்ணை மூடிக்கொண்டேன்.

அதிகாரிகள் சிரித்துக்கொண்டே கைதட்டினார்கள். மறுநாள் ஒரு பேப்பரில், ஹெல்மெட் அணிந்து வந்து நூதனப் போராட்டம் என்று போட்டிருந்தது. இன்னொன்றில், சட்டத்துக்கு வண்டிக்காரர்கள் ஆதரவு என்று போட்டிருந்தது. சட்டம் அடுத்த மாதம் முதல் வருகிறதாம். அதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

உன் அப்பா மேடையிலிருந்து இறங்கி வெளியே நடந்தார். நான் பின்னால் ஓடினேன். வண்டி நிறுத்துகிற இடத்தில், வரிசையாக நின்ற பைக்குகளுக்கு நடுவில், தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். முகத்தைப் பார்க்காமலே சொன்னார். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

பாலத்துப் பக்கமிருந்து நான் வந்துக்கிட்டிருந்தேன். மத்தியானமெல்லாம் நின்ன போலீஸ் அப்பத்தான் கிளம்பிப் போச்சு. எதிர்ல அவன் வர்றான், ஹெல்மெட்டு போட்டுக்கிட்டு. கழுத்தெல்லாம் வேர்வை. நான் கையை விரிச்சுக் காட்டினேன். போலீஸ் இல்லடா, காத்து வாங்கிக்கிட்டுப் போன்னு. கண்ணாடில பார்த்தேன். வளைவுக்கு முன்னாடியே ஒத்தைக் கையால கழட்டி முழங்கையில மாட்டிக்கிட்டான். ஓட்டிக்கிட்டே கழட்டுவானே, அந்த அழகைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டேதான் நான் ஸ்டாண்டுக்குப் போனேன். டீ சொன்னேன். டீ வர்றதுக்குள்ள சேதி சொல்ல ஆள் வந்துடுச்சு.

இவ்வளவுதான். இதை இத்தனை மாதம் ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். நீ அத்தனை பேர் முன்னால் அப்படிக் கேட்டபோது அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லையே, எனக்கு அப்போது ஆச்சரியமாக இருந்தது. இப்போது இல்லை.

நான் எழுந்து புடவையைத் தட்டிவிட்டு முன்னால் நடந்தேன். அவர் பின்னால் வந்தார். அன்றிலிருந்து சாப்பாடு எடுத்து வைக்கிறேன், தண்ணீர் வைக்கிறேன், முகத்தைப் பார்த்து வைக்கவில்லை.

முன் பக்கங்களில் அவர் மேல் தப்பில்லை என்று எழுதியிருக்கிறேன். கிழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. நம்பி எழுதியது, இருக்கட்டும். நீ சொன்னது சரி. நீ நினைத்ததைவிடச் சரி. ஆனால் ஒன்று சொல்கிறேன், கேள். அன்றைக்கு எதிரே வந்தது நானாக இருந்தாலும் கையை விரித்துத்தான் காட்டியிருப்பேன். வேர்த்து விறுவிறுத்து வருகிற பிள்ளைக்குக் கொஞ்சம் காற்றுப் படட்டும் என்று நினைப்பதில் என்ன பாவம் இருக்கிறது? பாவமில்லை என்று எழுதுகிறேனே தவிர, நெஞ்சு ஒப்பவில்லை. எழுதினால் ஒப்புமோ என்று பார்க்கிறேன்.

அந்த வளைவில் அவர் யாருக்குத் தலையைத் தட்டுகிறார் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. வருகிற ஒவ்வொரு வண்டியிலும் அவன்தான் வருகிறான். ஒவ்வொரு முறையும் கையை விரிக்காமல் தலையைத் தட்டுகிறார். வண்டிக்காரன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வளைவைத் தாண்டிப் போய்விடுகிறான். அடுத்த வண்டியில் மறுபடியும் அவன் வருகிறான். இது முடிகிற காரியமில்லை. வெள்ளைக் கோட்டைத் தாண்டி இன்னும் உள்ளே போய்க்கொண்டுதான் இருப்பார். நேற்றும் போனார். ஒரு பஸ் அவருக்காக பிரேக் போட்டு நின்று, டிரைவர் இறங்கி வந்து திட்டிவிட்டுப் போனார். திட்டு வாங்கிக்கொண்டே அவருக்கும் தலையைத் தட்டினாராம்.

நீ ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறாய் என்று மீசையின் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னிடம் ஏன் மறைத்தாய் என்று கேட்கமாட்டேன், காரணம் தெரிந்த கேள்வியைக் கேட்பானேன். உன் அப்பா காதிலும் விழுந்துவிட்டது. எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். அப்புறம், பெரியவ வேலை முடிஞ்சு வீடு வந்ததும் யார்கிட்ட சொல்றா என்று கேட்டார். மூன்று நாளில் அவர் வாயைத் திறந்து பேசியது இது ஒன்றுதான். அந்த ஊரில் நீ தனியாக இருக்கிறாய். நீ வந்தாயா இல்லையா என்று பார்க்க அங்கே யார் இருக்கிறார்கள்?

அதனால் ஒன்று கேட்கிறேன். உனக்கு வேலை முடிகிற நேரமும் இவர் வளைவுக்குக் கிளம்புகிற நேரமும் ஒன்றுதான். சின்னவன் போன நாளுக்குப் பிறகு அவர் போன் வைத்துக்கொள்வதில்லை. என் போன் தையல் மிஷின் மேல் இருக்கும். உன் வாசலில் வண்டியை நிறுத்தியதும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், அதில் கூப்பிடு. என்னோடு பேச வேண்டாம். போனை அப்பாவிடம் கொடுக்கச் சொல். வீட்டுக்கு வந்துட்டேன்ப்பா என்று சொல். அது போதும். மன்னித்ததாகச் சொல்ல வேண்டாம், அதை நானே இன்னும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லைக் காதால் கேட்க அவர் அந்த நேரத்தில் வீட்டில் இருந்தாக வேண்டும். முதல் நாள் போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமலே நிற்பார். அவர் மூச்சுச் சத்தம் கேட்கும்வரை வைத்துவிடாதே. மறுநாளும் கூப்பிடு. நீ கூப்பிட மறந்தால் அவர் எங்கே போய் நிற்பார் என்று உனக்குத் தெரியும்.

நீ தினமும் பத்திரமாக வீடு வந்து சேர வேண்டும், மகளே. வந்து சேர்ந்ததை அவரிடம் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா